படிப்பை நிறுத்துவது பரிகாரம் அன்று

(பல்கலைக்கழக, கல்லூரி மாணவர்களுக்கென யாழ்ப்பாணத்தில் அண்மையில் நடைபெற்ற கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை, வாசகர் பலரின் வேண்டுகோளுக்கிணங்க இங்கே வெளியாகின்றது.)



தேர்தல் மேடைகளில் என் குரலைக் கேட்டவர்கள் சிலர் இம் மண்டபத்தில் இருக்கின்றீர்கள். இன்று அரசியல் பேசவேண்டாம் என்று கூட்டத்தை ஒழுங்கு செய்த பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். நானும் ஒப்புக்கொண்டேன். ஆயினும், ஒரு பெண்பிள்ளை பஸ் தரிப்பிடத்திலிருந்து விரிவுரை மண்டபம் வரை நெஞ்சு நடுங்காமல் நடந்து செல்ல முடியவில்லை என்றால், அது அரசியலுக்குப் புறம்பான விடயந்தானா என்பதை என் பேச்சைக் கேட்டபின் நீங்களே தீர்மானித்துக் கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதில் ஒரு தகப்பனார் தம் மகளை அழைத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். வழக்குத் தொடுக்க வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். அவர் கேட்டதோ வேறு. "ஐயா, பிள்ளை கம்பஸை விட்டு விலகிறதுக்கு ஒரு கடிதம் எழுதித் தாருங்கோ" என்றார். மகள் மூன்றாம் ஆண்டு மாணவி. தோட்டக் காணியை ஈடு வைத்துப் படிப்பித்த பிள்ளை. அவளோ தலை நிமிரவில்லை. கைப்பையின் வாரைப் பிடித்தபடி இருந்தாள். காரணத்தை அறிய எனக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது.

அவளுக்கு மேல் வகுப்பில் படித்த ஓர் இளைஞன் எட்டு மாதங்களாக அவளைப் பின்தொடர்ந்திருக்கின்றான். காலையில் பஸ் தரிப்பிடத்தில் நிற்பான். அவள் ஏறும் பஸ்ஸில் ஏறிப் பின்னாசனத்தில் இருப்பான். நூலகத்தில் எதிர் மேசையில் இருப்பான். மாலையில் விடுதி வாசலுக்கு எதிரேயுள்ள கடையில் நிற்பான். தொலைபேசி எண்ணை மாற்றினாள். மூன்றாம் நாள் புதிய எண்ணுக்கு அழைப்பு வந்தது. முகநூலில் அவள் பெயரிலேயே பொய்க்கணக்கு ஒன்று முளைத்தது. 'நேற்று நீலச் சட்டை உனக்குப் பொருந்தவில்லை' என்று வட்ஸ்அப்பில் ஒரு வரி வரும். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரி வந்த இரவில் அவள் உறங்கவில்லை.

பொலிஸ் நிலையத்துக்குப் போனார்கள். "உங்களைத் தொட்டவனோ?" என்று கேட்டார்கள். இல்லை. "தூஷணம் பேசினவனோ?" இல்லை. "கொல்லுவன் எண்டு சொன்னவனோ?" அதுவும் இல்லை. அப்படியானால் என்ன குற்றம் என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். கல்வி நிறுவனத்தில் பொறுப்பான பதவியிலிருந்த ஒருவர், படிப்பில் கவனத்தைச் செலுத்துமாறு அவளுக்கே புத்தி சொன்னார். உறவினர்கள், ஒரு வருடம் வீட்டிலிருக்கட்டும், எல்லாம் அடங்கிவிடும் என்றார்கள். இவ்வாறு எல்லோரும் சேர்ந்து அவளைப் படிப்பிலிருந்து அகற்றினார்கள். பின்தொடர்ந்தவன் அந்த வாரமும் விரிவுரைக்குச் சென்றான், பரீட்சையும் எழுதினான்.

நண்பர்களே, இந்தக் குற்றத்தின் இயல்பை நாம் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். பஸ் தரிப்பிடத்தில் நிற்பது குற்றமா? நூலகத்தில் இருப்பது குற்றமா? கடையில் தேநீர் அருந்துவது குற்றமா? தனித்தனியே எடுத்தால் ஒன்றும் குற்றமில்லை. வேண்டாம் என்று மறுத்த ஒருவரைச் சுற்றியே இத்தனையும் நாள்தோறும் நிகழ்வதுதான் குற்றம். ஆனால் பொலிஸ் அதிகாரி இன்று நடந்ததை மட்டும் கேட்கிறார். விடுதிப் பொறுப்பாளர் வாசலில் நடந்ததை மட்டும் பார்க்கிறார். பெற்றோர் ஊர்வாயை மட்டும் பார்க்கிறார்கள். எட்டு மாதத்தையும் ஒன்றாகப் பார்த்தவள் ஒருத்திதான். அவளையோ ஒருவரும் நம்பவில்லை.

எங்கள் ஊர்ப் பேச்சில் இதற்குச் 'சுழட்டுதல்' என்று விளையாட்டான சொல்லொன்று உண்டு. பெட்டைக்குப் பின்னாலே திரிகிறான் என்று சிரித்துக்கொண்டே சொல்வோம். விருப்பமுள்ள இருவரின் கண்சாடைக்கும், விருப்பமில்லாத ஒருத்தியை மாதக்கணக்கில் வேட்டையாடுவதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கின்றோம். திரைப்படங்களோ இன்னும் ஒருபடி மேலே போய், மறுக்கும் பெண்ணைத் துரத்தித் துரத்தி மனம் மாற்றுவதே வீரம் என்று நமக்கு மூன்று தலைமுறையாகப் பாடம் நடத்தியிருக்கின்றன. நானும் என் இளமையில் அந்தக் கதாநாயகர்களுக்குக் கைதட்டியவன்தான், மறைப்பதற்கில்லை.

இதனால் மாணவர்களுக்கு விளையும் கேடு என்ன? அமெரிக்காவில் 2006 இல் நடத்தப்பட்டு 2009 இல் அந்நாட்டு நீதித் திணைக்களத்தின் புள்ளிவிபரப் பிரிவு வெளியிட்ட ஆய்வொன்று, பின்தொடர்தலுக்கு மிக அதிகமாக ஆளாகின்றவர்கள் 18 முதல் 24 வயது வரையுள்ளோர் என்று கண்டது. அது பல்கலைக்கழக வயது. பாதிக்கப்பட்டோரில் நான்கில் மூவருக்குப் பின்தொடர்ந்தவர் ஏதோவொரு வகையில் தெரிந்தவர். உங்களை மிக அஞ்சவைத்தது எது என்று கேட்டபோது, ஏறத்தாழப் பாதிப்பேர், 'அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததே' என்று சொல்லியிருக்கின்றார்கள். அடியைவிட, அடி எப்பொழுது விழும் என்று காத்திருப்பது கொடிது.

மாணவ வாழ்க்கையின் அமைப்பே பின்தொடர்பவனுக்கு வாய்ப்பாகின்றது. விரிவுரை நேரசூசி சுவரில் ஒட்டப்பட்டிருக்கின்றது. எந்த மணிக்கு எந்த மண்டபம் என்று யாரும் அறியலாம். விடுதி ஒன்று, வாசல் ஒன்று, பஸ் ஒன்று. நண்பர்களும் பொது நண்பர்கள். அவர்களிடம் கேட்டால் புதிய தொலைபேசி எண் கிடைத்துவிடும். தப்புவதற்கு அவளுக்கு இருக்கும் வழியெல்லாம் அவள் கல்வியைத் தின்னும் வழிகளே. முதலில் எட்டு மணி விரிவுரையைக் கைவிடுவாள். பின் நூலகத்தைக் கைவிடுவாள். பின் கூட்டுச்செயற்பாடுகள், விளையாட்டு, சங்கங்கள். உறக்கம் கெடும், உணவு செல்லாது, மனம் புத்தகத்தில் நில்லாது. பெறுபேறு குறைந்ததும், "பிள்ளை படிப்பில் கெட்டிக்காரியில்லை" என்று நாமே முடிவு கட்டுவோம். ஆண்மாணவரும் இத்தொல்லைக்கு ஆளாவதுண்டு. அவர்கள் வெளியே சொன்னால் சிரிப்புத்தான் கிடைக்குமென்று இன்னும் ஆழமாக மௌனம் காக்கின்றார்கள்.

இது வெறும் அச்சம், நாளடைவில் தீரும் என்று எண்ணுவோருக்கு டில்லியில் நடந்ததைச் சொல்லவேண்டும். சட்டம் படித்த எவரும் மறக்கமுடியாத வழக்கு அது.

பிரியதர்ஷினி மட்டூ, காஷ்மீரிலிருந்து ஜம்முவுக்கு இடம்பெயர்ந்த குடும்பத்தின் பெண். இடம்பெயர்வு என்றால் என்ன என்பதை இந்த மண்ணில் விளக்கவேண்டியதில்லை. டில்லிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே அவளுக்கு முன் படித்த சந்தோஷ்குமார் சிங் என்பவன் அவளைப் பின்தொடர்ந்தான், வீதியில் அவள் சென்ற வாகனத்தைத் துரத்தினான், மறுத்தும் ஓயவில்லை. அவள் வாய்மூடி இருக்கவில்லை. 1995 பெப்ரவரியிலிருந்து அந்த ஆண்டின் இறுதிக் காலம் வரை மீண்டும் மீண்டும் பொலிஸில் முறையிட்டாள். பல்கலைக்கழகத்திலும் முறையிட்டாள். ஒவ்வொரு முறையும் அவனை அழைத்து எச்சரித்தார்கள், இனிச் செய்யமாட்டேன் என்று அவன் உறுதி எழுதிக் கொடுத்தான், மறுபடியும் தொடங்கினான். அவனுடைய தந்தை பொலிஸில் உயர்பதவி வகித்தவர். ஒரு கட்டத்தில் அவன் அவள்மீதே பல்கலைக்கழகத்துக்கு எதிர்முறைப்பாடு கொடுத்தான். ஒரே காலத்தில் இரு பட்டங்களுக்குப் படிக்கின்றாள் என்று. அதன் விளைவாக அவளுடைய பெறுபேறு நிறுத்திவைக்கப்பட்டது! முறையிட்டவளின் படிப்பே அங்கும் பலியானது. இறுதியில் அவளுக்குக் காவலாகப் பொலிஸ்காரர் ஒருவரை நியமித்தார்கள். 1996 ஜனவரி 23 ஆம் நாள், அந்தக் காவலர் அருகில் இல்லாத வேளையில், வசந்த குஞ்சிலுள்ள உறவினர் வீட்டில் அவள் கொலை செய்யப்பட்டாள். வயது 25.

அதன்பின் நடந்ததும் நமக்குப் பாடமே. 1999 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் சந்தேகத்தின் பயனை அளித்து அவனை விடுதலை செய்தது. குற்றவாளி இவனே என்று தமக்குத் தெரியும், ஆயினும் புலனாய்வு சரியாக நடத்தப்படாமையால் விடுவிக்கின்றேன் என்ற பொருள்பட நீதிபதி எழுதிய தீர்ப்பு அது. 2006 ஒக்டோபரில் டில்லி மேல்நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி மரணதண்டனை விதித்தது. 2010 ஒக்டோபரில் இந்திய உச்சநீதிமன்றம் குற்றத்தீர்ப்பை உறுதிசெய்து, தண்டனையை ஆயுட்சிறையாகக் குறைத்தது. பதினான்கு ஆண்டுகள்! ஒரு தந்தை நீதிமன்ற வாசல்களில் நின்ற காலம் அது. அவள் முறையிட்டபோது இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பின்தொடர்தல் என்ற பெயரில் ஒரு குற்றமே இருக்கவில்லை. 2012 டிசம்பரில் டில்லி பஸ்ஸில் நடந்த கொடுமைக்குப் பின், 2013 இலேதான் அந்தக் குற்றம் 354டி என்ற பிரிவாகச் சட்டத்தில் ஏறியது. முதல்முறை குற்றவாளியாகக் காணப்பட்டால் மூன்றாண்டு வரையும், மறுமுறை ஐந்தாண்டு வரையும் சிறை. இன்று அங்கே நடைமுறையிலுள்ள புதிய சட்டக்கோவையில் அது 78 ஆம் பிரிவு.

சட்டம் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா? தீராது. சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி, தன்னைப் பின்தொடர்ந்தவனால் ஓடும் ரயிலின் முன் தள்ளப்பட்டது 2022 ஒக்டோபரில். அந்தச் சட்டம் வந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து. இதை அறிந்தே சொல்லுகின்றேன், சட்டம் போதாது. ஆனால் சட்டம் இல்லாவிடில் முறைப்பாட்டை எழுதுவதற்குத் தலைப்புக்கூட இல்லை. கலிபோர்ணியா மாநிலம் 1990 இல் இதற்கெனச் சட்டம் செய்தது. இங்கிலாந்து 1997 இல் தொந்தரவுத் தடைச்சட்டத்தை இயற்றி, 2012 இல் பின்தொடர்தலைத் தனிக்குற்றமாகச் சேர்த்தது.

நம் நாட்டு நிலை என்ன? 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையே இன்றும் நம்மை ஆள்கின்றது. பலமுறை திருத்தப்பட்ட அந்தக் கோவையில் பின்தொடர்தல் என்று பெயரிட்ட தனிக்குற்றம் இல்லை. 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். ஆனால் அது கணவன், முன்னாள் கணவன், கூடி வாழ்ந்தவர், குடும்ப உறவினர் ஆகியோருக்கு எதிராகவே செல்லும். ஒரே வகுப்பில் படிப்பவனுக்கு எதிராகச் செல்லாது. அதாவது, கட்டிய கணவன் தொல்லை கொடுத்தால் அவனை அண்டவிடாது தடுக்க ஒரு கட்டளை உண்டு. யாரென்றே தெரியாதவன் தொல்லை கொடுத்தால் அக்கட்டளை இல்லை. இந்தக் குறையை நிரப்பும்படி நம் பாராளுமன்ற உறுப்பினர்களை, என் அரசியல் நண்பர்களையும் சேர்த்தே, நான் கேட்டு வருகின்றேன். பெரிய விடயங்கள் இருக்கின்றனவாம். இது பிறகு பார்க்கக்கூடியதாம்.

ஆனால் புதிய சட்டம் வரும்வரை கைகட்டி இருக்கவேண்டியதில்லை. நான்கு கருவிகள் இப்பொழுதே உங்கள் கையில் உண்டு. சட்டத்தரணிகளிலும் பலர் அவற்றை மறந்துவிட்டார்கள்.

1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தைப் பகிடிவதைச் சட்டம் என்றே எல்லோரும் அழைக்கின்றோம். அதன் முழுப்பெயரைப் படித்தவர் சிலரே. கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் 'வேறு வகையான வன்முறைகளையும்' தடுக்கும் சட்டம் அது. கல்வி நிறுவனத்தின் உள்ளேயோ வெளியேயோ, வாய்மொழியாகவோ எழுத்தாகவோ, ஒரு மாணவரின் உடலுக்கோ பெயருக்கோ சொத்துக்கோ, அவருக்கு வேண்டிய ஒருவருக்கோ தீங்கு செய்வதாக அச்சுறுத்தினால், அச்சமூட்டும் நோக்கோடு அல்லது விரும்பாத ஒன்றைச் செய்விக்கும் நோக்கோடு அது செய்யப்பட்டால், அது குற்றம்; ஐந்தாண்டு வரை சிறை. 'பெயருக்கு' என்ற சொல்லைக் கவனியுங்கள். என்னை மறுத்தால் உன் படத்தை எல்லோருக்கும் அனுப்புவேன் என்று எழுதுகிறவன் அந்தச் சொல்லுக்குள் வந்து விழுகின்றான். 'வெளியே' என்ற சொல்லையும் கவனியுங்கள். வாசலுக்கு வெளியே நடந்தது எங்கள் பொறுப்பன்று என்று நிர்வாகம் சொல்ல அங்கே இடமில்லை.

தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு, 1995 திருத்தத்தின் பின், சொல்லாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு செய்வதைக் குற்றமாக்குகின்றது. தொட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. ஆகவே, "உங்களைத் தொட்டவனோ?" என்ற கேள்வியோடு முறைப்பாட்டை முடித்துக்கொள்ள எந்தப் பொலிஸ் நிலையத்துக்கும் உரிமையில்லை. மூன்றாவது, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 81 ஆம் பிரிவு. வேலித் தகராறுகளில் அயலவரை நீதவான் பிணைமுறியில் கட்டுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அமைதிக் குலைவுக்கு வழிவகுக்கக்கூடிய பிழையான செயலைச் செய்யக்கூடிய எவரையும் அவ்வாறு கட்டலாம். வேலிக்குப் பயன்படுவது பிள்ளைக்குப் பயன்படாதா? நான்காவதாக, முறையிட்டபின் அச்சுறுத்தல் வந்தால், பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் உண்டு.

கருவி இருந்தாலும் சான்று வேண்டும். ஒரு கொப்பி வாங்குங்கள். நாள், நேரம், இடம், நடந்தது, கண்டவர் யார் என்று அன்றன்றே எழுதுங்கள். வந்த செய்திகளை அருவருப்பில் அழித்துவிடாதீர்கள்; திரைப்பதிவு எடுத்து நம்பிக்கையான ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். வேண்டாம் என்பதை ஒரே ஒருமுறை, தெளிவாக, இயலுமானால் எழுத்தில் சொல்லுங்கள். அதன்பின் பதில் எழுதவேண்டாம். ஐம்பது அழைப்புக்குப்பின் ஐம்பத்தோராவது முறை நீங்கள் கோபத்தில் எடுத்துப் பேசினால், ஐம்பத்தொரு முறை அழைத்தால் எடுப்பாள் என்பதையே அவன் கற்றுக்கொள்கின்றான். சமாதானம் பேசத் தனியே சந்திக்கச் செல்லவே வேண்டாம்.

பொலிஸ் நிலையத்தில் தமிழிலே முறைப்பாடு கொடுப்பது உங்கள் உரிமை. தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் சொல்லிவிட்டது. உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தின் கீழ் கையெழுத்து வையாதீர்கள். நான் கண்ட ஒரு வழக்கில், ஒரு பிள்ளை எட்டுச் சம்பவங்களைச் சொன்னாள். பதிவிலே ஒன்றுதான் இருந்தது. மற்ற ஏழும் மொழிபெயர்ப்பில் தொலைந்தன. முறைப்பாட்டின் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பொலிஸ் நிலையங்களில் பெண்கள், சிறுவர் பிரிவு உண்டு. பெண் உத்தியோகத்தரோடு பேச வேண்டுமென்று கேளுங்கள்.

உடனடி ஆபத்துக்கு 119. பெண்களுக்கான அரசாங்க உதவி எண் 1938. மனம் உடைந்து உறக்கமற்ற இரவில் பேசுவதற்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 உண்டு. அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் 'நட்பு நிலையம்' என்ற பெயரில், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கென ஓர் அறை இருக்கின்றது. வெளிநோயாளர் பகுதியில் விசாரித்தால் காட்டுவார்கள். வழக்குச் செலவுக்கு வழியில்லாதோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கின்றது. 1987 இல் தொடங்கிய 'விமன் இன் நீட்' அமைப்பும், மட்டக்களப்பிலே சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையமும் நீண்டகாலமாகப் பெண்களோடு நின்று உழைப்பவை. பல்கலைக்கழகங்களில் மாணவர் ஆலோசகர்கள் இருக்கின்றார்கள். அவர்களிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுத்தில் கொடுத்துப் பிரதியில் ஒப்பம் வாங்குங்கள். விரிவுரைக் குழுவை மாற்றவேண்டுமென்றால், மாற்றப்பட வேண்டியவன் அவன் என்று அதிலே எழுதுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை உங்களிடம் வந்து சொல்லும்போது, நீ என்ன செய்தாய் என்று கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்விக்கு அஞ்சியே பிள்ளைகள் ஆறுமாதம் மறைக்கின்றார்கள். இளைஞர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். பின்தொடர்பவன் தனியே தொழில் நடத்துவதில்லை. எண் எடுத்துக் கொடுப்பவன் ஒருவன், எங்கே நிற்கிறாள் என்று செய்தி சொல்பவன் ஒருவன், 'மச்சான், விடாதே' என்பவன் ஒருவன். தோழமை என்று நீங்கள் செய்யும் அந்த உதவி நாளை சாட்சிக்கூண்டில் வேறு பெயர் பெறும்.

முதலில் சொன்ன அந்தப் பிள்ளையின் கதையை முடிக்கின்றேன். விலகற் கடிதத்தை நான் எழுதிக் கொடுக்கவில்லை. அன்றிரவே ஒரு கொப்பியைக் கொடுத்து, நினைவிலிருப்பதையெல்லாம் நாள்வாரியாக எழுதச் சொன்னேன். 43 சம்பவங்கள் எழுதினாள். அழிக்காமல் வைத்திருந்த வட்ஸ்அப் செய்திகள் அவற்றுள் பலவற்றுக்குச் சான்றாயின. தொட்டானா என்று கேட்ட அதே நிலையத்தில் அந்தப் பட்டியலை வைத்தபோது, மேலே கேள்வி வரவில்லை. நீதவான் அவனைப் பிணைமுறியில் கட்டினார். அவளுக்கு ஒரு வருடம் வீணாயிற்று. அந்த வருடத்தை எந்த நீதிமன்றமும் அவளுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு மாணவர்களோடு இருந்து பரீட்சை எழுதினாள். தகப்பனார் காணியை இன்னும் மீட்கவில்லை என்று அண்மையில் சொன்னார். மகள் உழைத்து மீட்பாளாம்.

கூட்டம் முடிந்ததும் மண்டபத்தின் பின்னறையில் என்னோடு வந்துள்ள இரண்டு பெண் சட்டத்தரணிகள் இரவு எட்டு மணிவரை இருப்பார்கள். பெயர் கேட்கமாட்டார்கள். கொப்பியும் பேனாவும் அவர்களிடம் இருக்கின்றன.